ஆறரை மணிக்கு எதைப் போடுவது?

எங்கள் வீட்டில் இருப்பது ஒரே ஒரு டிவி. அதற்கு மாதாமாதம் மூன்று சந்தா போய்க்கொண்டிருந்தது: சன் நெக்ஸ்ட், ஜீ5, அமேசான் பிரைம். 2025 ஜூலையில் கரண்ட் பில், பள்ளிக்கூடக் கட்டணம், பெட்ரோல் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தபோது, ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் நிறுத்திவிடலாம் என்று வீட்டுக்காரர் சொன்னார். எதை வைத்துக்கொள்வது என்பதை என்னிடம் விட்டுவிட்டார். 2024 செப்டம்பரிலிருந்து 2025 ஜூன் வரை நாங்கள் பார்த்ததையெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்குக் கொண்டுவந்து, எது எங்கள் வீட்டுக்கு என்ன கொடுத்தது என்று ஒரு வாரம் யோசித்தேன்.

நாங்கள் இருப்பது தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில். நான் குடியாத்தத்துப் பெண். கல்யாணமாகி இங்கே வந்து பதினேழு வருஷம் ஆகிறது. அத்தை, என் மாமியார், இங்கேயே பிறந்து வளர்ந்தவர், எழுபத்து நாலு வயது. 1860-இல் ட்ரூரோ கப்பல் மதராஸிலிருந்து முதல் ஆட்களை ஏற்றிவந்தது தொடங்கி 1911 வரை ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தார்கள் அல்லவா, அவர்களில் தமிழ் பேசியவர்கள் பலர் எங்கள் வட ஆற்காட்டுப் பக்கம். அத்தை வீட்டை 'வூடு' என்பார், வாழைப்பழத்தை 'வாயப்பயம்' என்பார். என் பாட்டியும் அப்படித்தான் சொல்வாள். புதுப்பெண்ணாக இந்த வீட்டுக்குள் நுழைந்த முதல் வாரம் அந்தச் சொற்கள்தான் எனக்குத் துணை.

வீட்டுக்காரருக்குத் தமிழ் அரைகுறையாகப் புரியும், வாயில் வராது. பெரியவளுக்குப் பதினைந்து, சின்னவனுக்கு ஒன்பது. இரண்டும் இங்கிலீஷ்தான். கோயில் கூடத்தில் சனிக்கிழமை நடக்கும் தமிழ் வகுப்பில் நான் பாடம் எடுக்கிறேன். இங்கே அதை 'வெர்நாக்' என்பார்கள். வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம். மற்ற ஆறு நாளும் பிள்ளைகள் காதில் தமிழ் விழ வேண்டுமென்றால் நானும் அத்தையும் டிவியும்தான். அதனால் நான் வைத்துக்கொண்ட அளவுகோல் ஒன்றே ஒன்று. டிவியை அணைத்த பிறகு அந்த வீட்டில் யாராவது தமிழில் ஏதாவது பேசினார்களா? நடிப்பு, கதை, படப்பிடிப்பு எல்லாம் அதற்கு அடுத்துத்தான்.

பெரியவளின் விருப்பம் பிரைம். அவளுக்குப் பிடித்தது 'சுழல்' இரண்டாம் பாகம், 2025 பிப்ரவரி 28 அன்று வந்தது, எட்டுப் பகுதி. புஷ்கர்–காயத்ரி உருவாக்கியது. 2022-இல் வந்த முதல் பாகத்தை நான் மயானக் கொள்ளைக்காகவே பார்த்தேன். மாசி அமாவாசையில் வேலூர்ப் பாலாற்றங்கரையில் அங்காளம்மன் வேஷம் கட்டி ஆடுகிறவர்களைச் சின்ன வயதில் அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்தவள் நான். திரையில் அந்தப் பம்பைச் சத்தம் கேட்டதும் அத்தையும் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். இரண்டாம் பாகத்தில் ஊர் மாறிவிட்டது. கடலோரக் காளிப்பட்டினம், அஷ்டகாளித் திருவிழா, கொலையாகிக் கிடக்கும் வக்கீல், "நான்தான் கொன்றேன்" என்று வரும் எட்டுப் பெண்கள். கதிரும் ஐஸ்வர்யா ராஜேஷும் இதிலும் இருக்கிறார்கள். திருவிழாக் கூட்டத்துக்குள் விசாரணையைக் கொண்டுபோய் வைத்திருக்கும் விதம் அருமை. தொழில்நுட்பத்தில் இந்த வருஷம் நான் பார்த்த எந்தத் தமிழ்த் தொடரும் இதற்குப் பக்கத்தில் வராது.

ஆனால் பெரியவள் இதைப் பார்க்கும்போது அவள் கண்ணைக் கவனித்தேன். முகங்களைப் பார்ப்பதைவிடத் திரையின் அடிப்பகுதியையே அதிகம் பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே இங்கிலீஷ் வரிகள் ஓடுகின்றன, அவற்றைப் படித்துவிட்டு அடுத்த வரிக்குக் காத்திருக்கிறாள். தமிழ் அவளுக்குப் பின்னணிச் சத்தம் மாதிரி. ஒருநாள் வரிகளை நிறுத்திவிட்டுப் போட்டேன். பத்து நிமிஷத்தில் "அம்மா, ப்ளீஸ்" என்றாள். குற்றக் கதையில் ஒரு வரி தவறினால் முடிச்சே புரியாது, அவளைக் குறை சொல்ல முடியாது. வெள்ளிக்கிழமை இரவு தொடங்கி ஞாயிறு மதியத்துக்குள் எட்டையும் பார்த்து முடித்தாள். திங்கட்கிழமை அதைப் பற்றி வீட்டில் ஒரு பேச்சும் இல்லை.

அதே பிரைமில் வீட்டுக்காரரின் விருப்பம் 'தலைவெட்டியான் பாளையம்'. 2024 செப்டம்பர் 20-இல் வந்தது, இதுவும் எட்டுப் பகுதி. இந்தியில் வந்த 'பஞ்சாயத்' தொடரின் தமிழ் வடிவம். நகரத்துப் பையன் ஒருவன் பஞ்சாயத்துச் செயலராகக் கிராமத்துக்குப் போகிறான். அபிஷேக் குமார், சேத்தன், தேவதர்ஷினி நடித்திருக்கிறார்கள். இயக்கியவர் நாகா. 90-களில் 'மர்மதேசம்' பார்த்து இரவில் தனியாகக் கொல்லைப்பக்கம் போகப் பயந்த தலைமுறை என்னுடையது, அந்த நாகாதான். மூலத்தில் வருவது பல இடங்களில் அப்படியே வருகிறது. இந்தியில் முதலில் பார்த்தவர்களுக்கு அது உறுத்தும். நான் பார்த்ததில்லை, எனக்கு உறுத்தவில்லை. யாரும் யாரையும் அறையவில்லை, விஷம் வைக்கவில்லை, ஊர்த்திண்ணைப் பேச்சு அதன் வேகத்திலேயே போகிறது. ஐந்து பேரும் ஒன்றாக உட்கார்ந்து கூச்சமில்லாமல் பார்த்த ஒரே தொடர் இதுதான். வீட்டுக்காரர் நாங்கள் சிரித்து முடித்து ஒரு நொடி கழித்துச் சிரிப்பார், வரிகளைப் படித்துவிட்டு. நான்காவது பகுதியில் ஒருமுறை எங்களோடு சேர்ந்தே சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று தமிழ் சரளமில்லாத புருஷனோடு குடும்பம் நடத்துகிறவர்களுக்குத் தெரியும். தரத்தை மட்டும் பார்த்து ஒன்றைச் சொல் என்றால் இதைத்தான் சொல்வேன். எட்டுப் பகுதியில் தீர்ந்துவிட்டது, அதுதான் இதன் சிக்கல். ஒரு வாரத்து விருந்தை நம்பி மாதச் சந்தா கட்ட முடியுமா?

சின்னவனுக்கு ஜீ5. 'சரிகமப லிட்டில் சாம்ப்ஸ்' என்றால் அவன் சாப்பாட்டுத் தட்டோடு திரைக்கு முன்னால் வந்துவிடுவான். யாழ்ப்பாணத்துச் சிறுமி கில்மிஷா 2023 டிசம்பரில் பட்டம் வென்றாளே, அன்று முதல் அவனுக்கு இந்த நிகழ்ச்சி மேல் பிடிப்பு. "அவள் இந்தியா இல்லை, ஆனாலும் தமிழ்" என்று அவன் கண்டுபிடித்துச் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இந்தியாவுக்கு வெளியேயும் தமிழ்ப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று அவனுக்கு யாரும் அதுவரை காட்டியதில்லை. பழைய பாட்டு வந்தால் அத்தை கூடவே பாடுவார். இசைத்தட்டுக் காலத்துப் பாட்டெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

ஆனாலும் பாட்டை மட்டும் நம்ப எனக்கு மனமில்லை. காரணம் இந்த ஊரிலேயே இருக்கிறது. எங்கள் கோயிலில் தேவாரம் பாடுகிறவர்கள் கையில் இருக்கும் புத்தகத்தைப் பார்த்திருக்கிறேன். தமிழ்ப் பாட்டு இங்கிலீஷ் எழுத்தில் அச்சாகியிருக்கும். "தோடுடைய செவியன்" என்று கணீரென்று பாடிவிட்டு, தோடு என்றால் என்ன என்று கேட்டால் தெரியாது என்பார்கள். பக்தியில் குறையே இல்லை, கண்ணீர் விட்டுப் பாடுவார்கள். மொழி மட்டும் அர்த்தத்தைக் கழற்றி வைத்துவிட்டு ஓசையாக நிற்கிறது. சின்னவனும் அந்த வழியில் போய்விடுவானோ என்ற பயம் எனக்கு. "காற்று" என்று அழகாகப் பாடுகிறான், ஜன்னலைத் திறக்கும்போது 'விண்ட்' என்கிறான்.

விஜய் டிவி நிகழ்ச்சிகளை நாங்கள் டர்பனிலேயே இருக்கும் பீனிக்ஸில் நாத்தனார் வீட்டில் பார்ப்போம், சனி ஞாயிறுகளில். பிக் பாஸ் எட்டாவது சீசன் அப்படித்தான் பார்த்தோம். 2024 அக்டோபர் 6-இல் தொடங்கி 2025 ஜனவரி 19-இல் முடிந்தது, கமல்ஹாசன் இடத்தில் விஜய் சேதுபதி. முத்துக்குமரன் வென்றார். அவர் வாயைத் திறந்தால் தடங்கலில்லாத தமிழ் வரும், அதற்காக மட்டும் பெரியவளை உட்கார வைத்தேன். மற்றபடி ஆளுக்கு ஆள் குரலை உயர்த்தும் சண்டையைப் பிள்ளைகளோடு பார்ப்பது எனக்கு ஒப்பவில்லை. 'சிறகடிக்க ஆசை'யும் அங்கேதான். கார் ஓட்டும் முத்து, பூ விற்கும் மீனா, படித்த மகனுக்கு ஒரு நியாயம் படிக்காத மகனுக்கு ஒரு நியாயம் என்று வைத்திருக்கும் தாய் விஜயா. முத்து பேசும் சென்னைப் பேச்சு அத்தை காதுக்கு உடனே ஒட்டிக்கொண்டது, "இவன் நம்ம வூட்டுப் பையன் மாதிரி பேசறான்" என்றார். எங்கள் வீட்டிலேயே இது கிடைத்திருந்தால் இந்த முடிவு இன்னும் கஷ்டமாக இருந்திருக்கும்.

மிச்சம் சன் நெக்ஸ்ட். இந்தியாவில் இரவு ஒன்பது மணி என்றால் இங்கே மாலை ஐந்தரை. அந்த நேரத்தில் நான் வேலையிலிருந்து திரும்பும் வழியில் வண்டி நெரிசலில் இருப்பேன். அதனால் நேரலை எங்களுக்குச் சரிப்படாது, ஆப்பில் பிறகு பார்ப்பதுதான். 2023-இல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது அதற்கும் வழியில்லாமல், இரண்டு மணி நேரம் இருட்டில் உட்கார்ந்து முந்தின நாள் கதையை அத்தை எங்களுக்குச் சொல்வார். 2024 மார்ச் கடைசிக்குப் பிறகு அந்தத் தொல்லை பெரும்பாலும் ஓய்ந்தது.

சன்னில் எனக்குப் பிடித்தது 'எதிர்நீச்சல்'. 'கோலங்கள்' எடுத்த திருச்செல்வம் எடுத்தது. ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பர் 8-இல் காலமான செய்தி வந்த அன்று சாட்ஸ்வொர்த்தில் எத்தனை வீட்டில் அதையே பேசினார்கள்! வேல ராமமூர்த்தி அந்த வேடத்தை ஏற்றார். 2024 ஜூனில் முடிந்து, டிசம்பர் 23-இல் 'எதிர்நீச்சல் தொடர்கிறது' என்று மறுபடி வந்தது, ஜனனியாகப் பார்வதி. படித்து வந்த நான்கு மருமகள்களை ஒரு வீட்டு அடுப்படிக்குள் பூட்டி வைப்பதைத் திருச்செல்வம் மாதிரி யாரும் சொன்னதில்லை. ஈஸ்வரியின் மௌனமும் நந்தினியின் வாயும் எனக்குத் தெரிந்த இரண்டு பெண்களை நினைவூட்டும். ஆனால் இதைப் பிள்ளைகளோடு பார்க்கக்கூடாது என்று நான் முடிவு செய்தேன். சின்னவன் ஒருநாள் தண்ணீர் கேட்க, குணசேகரன் மாதிரி "இந்தாம்மா ஏய்!" என்று அத்தையைக் கூப்பிட்டான். அவனுக்கு அது ஒரு விளையாட்டு வசனம். அத்தை ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். எனக்கு நெஞ்சு பதைத்துவிட்டது. அவன் முழுசாகப் பிழையில்லாமல் பேசிய தமிழ் அன்றைக்கு அதுதான். அதட்டலைத்தான் முதலில் கற்றுக்கொள்வான் என்றால் அந்தத் தமிழ் வேண்டாம். இப்போது நான் மட்டும் பார்க்கிறேன், எல்லோரும் தூங்கிய பிறகு, போனில்.

அத்தையின் விருப்பம் 'சிங்கப்பெண்ணே'. 2023 அக்டோபரில் தொடங்கியது. கிராமத்திலிருந்து சென்னைக்கு வந்து கார்மெண்ட்ஸில் தைக்கப் போகும் ஆனந்தியாக மனீஷா மகேஷ். உள்ளதைச் சொல்கிறேன், தொடராக இதில் குறை நிறைய. அழகன் யார் என்ற ஒரு முடிச்சை மாதக்கணக்கில் இழுத்தார்கள். அன்பா மகேஷா என்று சுற்றியதையே சுற்றினார்கள். மித்ராவின் சூழ்ச்சிக்கு முடிவே கிடையாது. இந்த வருஷம் ஆனந்தி கர்ப்பமாக இருக்கிறாள், அது எப்படி என்று அவளுக்கே தெரியவில்லை என்று கதையைத் திருப்பியபோது, சின்னவனை வேறு அறைக்கு அனுப்பிவிட்டுப் பெரியவளோடு தனியாகப் பேச வேண்டியிருந்தது. அந்தப் பேச்சை நான் எப்போதாவது பேசித்தான் ஆக வேண்டும். ஆனாலும் நேரத்தை ஒரு சீரியல் முடிவு செய்தது எனக்குப் பிடிக்கவில்லை.

இத்தனைக்குப் பிறகும் என் அளவுகோலில் ஜெயித்தது இதுதான். அது எப்படி என்று சொல்கிறேன்.

அத்தை பதினாறு வயதில் டர்பன் துணி ஆலையில் வேலைக்குப் போனவர். இந்த ஊரில் அந்தத் தலைமுறை இந்தியப் பெண்கள் ஏராளமானோர் ஆலைத் தையலில்தான் இருந்தார்கள். 90-களின் பிற்பகுதியில் வெளிநாட்டுத் துணி மலிவாக வந்து குவிந்ததும் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. அத்தையும் அப்படித்தான் வீட்டுக்கு வந்தார். இதெல்லாம் எனக்கே அரைகுறையாகத் தெரியும், பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாது. ஆனந்தி முதன்முதலாக மெஷினில் உட்காரும் காட்சி வந்தபோது அத்தை சட்டென்று, "கை தப்பு" என்றார். யாருக்கும் புரியவில்லை. எழுந்து ஜன்னல் திரைச்சீலையின் ஓரத்தை இழுத்துச் சோபாக் கைப்பிடி மேல் போட்டார். இடது உள்ளங்கையைத் துணி மேல் பரப்பி வைத்தார், வலது கையின் இரண்டு விரலால் ஓரத்தைப் பிடித்தார், வலது காலைத் தரையில் மெல்ல அழுத்தினார். இல்லாத மெஷினில் துணி நகர்ந்தது. "துணிய இஸ்துடக்கூடாது. அது தானா போவும், நீ வயி காட்டினா போதும்."

பெரியவள் போனை வைத்துவிட்டாள். "ஆயா, நீங்க... எவ்வளவு காசு?" என்று தமிழில் கேட்டாள். 'சம்பளம்' என்ற சொல் அவளுக்கு வரவில்லை. அத்தை அந்தச் சொல்லை எடுத்துக் கொடுத்தார். காலர் தைக்கும் வரிசையில் உட்கார்ந்தது, மணிக்கு இத்தனை உருப்படி என்று சூப்பர்வைசர் எண்ணிக்கொண்டு நடந்தது, வெள்ளிக்கிழமை கையில் கிடைக்கும் பழுப்புக் கவரைப் பிரிக்காமல் அம்மாவிடம் கொடுத்தது, ஒரே ஒருமுறை வழியில் பிரித்து வளையல் வாங்கியது, எல்லாம் சொன்னார். முக்கால் மணி நேரம். டிவி ஓடிக்கொண்டே இருந்தது, யாரும் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து கவனிக்கத் தொடங்கினேன். சீரியல்களை எல்லோரும் திட்டும் அந்த இழுவை இருக்கிறதே, ஒரே விஷயத்தை மூன்று பேர் மூன்று தரம் சொல்வது, அதிர்ச்சி என்றால் ஒவ்வொரு முகமாகக் காட்டுவது, நேற்று நடந்ததை இன்று மறுபடி ஓட்டுவது, அதுதான் மொழி கற்கிறவருக்கு வேண்டியது. வகுப்பில் ஒரு சொல்லைப் பிள்ளை மனதில் பதிய வைக்க நான் செய்வதும் அதையேதான். ஆப்பில் நாங்கள் பார்க்கும் தொடரில் இங்கிலீஷ் வரிகள் கிடையாது, காதைத் தீட்டித்தான் ஆக வேண்டும். ஒரு தரம் புரியாதது இரண்டாம் தரம் புரிந்துவிடுகிறது. சந்தேகப்படுகிறாயா, துரோகம், நம்பிக்கை, மனசாட்சி என்று சீரியல் சொற்களாகவே பெரியவள் பேசுகிறாள். பரவாயில்லை, பேசுகிறாளே.

பக்கத்து வீட்டு ஜுலு அம்மா ஜீ வேர்ல்டில் இந்தி சீரியல்களை இங்கிலீஷ் குரலில் பார்க்கிறவர். 2015-லிருந்து அந்தச் சேனல் இங்கே ஓடுகிறது. வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஆனந்தி கதையை என்னிடம் கேட்டுக்கொள்வார். மாமியார், மருமகள், பங்காளிச் சண்டை எதையும் விளக்க வேண்டியதில்லை, எங்கள் வீட்டிலும் இதே கதைதான் என்பார். அவருக்கு நான் சொல்வதைப் பெரியவள் கேட்டு, ஒருநாள் தானே சொல்லத் தொடங்கினாள். கதை முழுக்க இங்கிலீஷ், நடுவே 'துரோகம்' மட்டும் தமிழ். அந்த அம்மா அதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தார்.

ஆக, சன் நெக்ஸ்டை வைத்துக்கொண்டோம். பிரைமையும் ஜீ5-ஐயும் நிறுத்தியாகிவிட்டது. சின்னவனுக்கு வருத்தம்தான். பாட்டுப் போட்டி இறுதிச்சுற்றை நெருங்கும் மாதம் மட்டும் ஜீ5 திரும்பக் கட்டுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன், அதுவரை அத்தையிடம் பழைய பாட்டு, அர்த்தத்தோடு. 'தலைவெட்டியான் பாளையம்' இரண்டாம் சீசன் வந்தால் ஒரு மாதத்துக்குப் பிரைம், அது வீட்டுக்காரருக்காக. பெரியவள் குற்றத் தொடர்களை நாத்தனார் வீட்டில் பார்த்துக்கொள்வாள். உங்கள் வீட்டில் எல்லோருக்கும் தமிழ் சரளம் என்றால் இந்தக் கணக்கு அப்படியே தலைகீழாகும். அப்போது பிரைமை வைத்துக்கொள்ளுங்கள், தயங்க வேண்டாம். பேச்சு ஏற்கெனவே இருக்கும் வீட்டுக்கு நல்ல கதைதான் தேவை.

இப்போது தினம் ஆறரை மணிக்கு 'சிங்கப்பெண்ணே', ஏழு மணிக்கு அணைத்துவிடுவோம். போன வாரம் அத்தை தன் பழைய சிங்கர் மெஷினைக் கராஜிலிருந்து எடுக்கச் சொன்னார். வீட்டுக்காரர் துடைத்து எண்ணெய் விட்டுக் கொடுத்தார். டிவி அணைந்ததும் பெரியவள் தன் பள்ளிக்கூடப் பாவாடையின் ஓரத்தை மடித்துக்கொண்டு அதில் உட்காருகிறாள். பின்னாலிருந்து அத்தை சொல்லிக்கொண்டே இருக்கிறார்: "இஸ்துடாத. வயி காட்டு."